உதாரணம் கூடினால் வலு கூடுமா?

அக்காவுக்கு வணக்கம். கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்கு 'கடலைக் காக்கும் சட்டங்கள் கரையோர ஏழைகளைக் கணக்கில் எடுப்பதில்லை' என்று எழுதினேன். தனுஷ்கோடிப் புயல், சுனாமி, மீன்பிடித் தடைக்காலம், பாசி எடுக்கும் பெண்கள் என நாலு உதாரணம் கொடுத்தும் 'வலுவில்லை' என்கிறார் பேராசிரியர். இன்னும் சேர்க்க வேண்டுமா?
- கல்லூரி மாணவி, திருப்புல்லாணி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சேர்க்க வேண்டாம், எடுங்கள். 1964இல் தனுஷ்கோடியை அழித்தது புயல், சட்டமல்ல. (கடல் என்று பேச்செடுத்தாலே தனுஷ்கோடிக்குப் போய்விடுவது நம் ஊர்ப் பழக்கதோஷம்.) சுனாமிக்கும் அதே கதிதான். தடைக்காலம் தலைப்போடு ஒட்டும், ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை என்பது பாம்பனில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் சொல்லும் ஏழை யார், படகு முதலாளியா, கூலிக்குப் போகிறவரா? கட்டுரையில் பதில் இல்லை.

மிச்சம் பாசி. அதுதான் உங்கள் சரக்கு, அதைப்போய் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்! விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, வலைப்பையோடு மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கிற பெண்ணை முதலில் காட்டுங்கள். காட்டியதோடு நிறுத்தாதீர்கள், பரிதாபம் வாதமாகாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதையும், தாய் காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்கே அவர் இப்போது வனத்துறைக்குப் பயந்து போவதையும் சேர்த்து, ஆகவே சட்டம் போட்டபோது இவர் கணக்கில் வரவில்லை என்று நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று அதை விட்டதுதான் குறை.

அப்புறம், உங்களுக்கு எதிரான உதாரணமும் அதே தீவுகளில்தான் கிடக்கிறது. பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போனதற்கு, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். சட்டம் இல்லாமல் அதை எப்படித் தடுப்பது என்று கேட்பார்கள். கேட்பதற்குள் நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள். எழுதினால் உங்கள் கருத்தே கொஞ்சம் மாறும்: சட்டம் தேவைதான், ஆனால் கையால் பாசி பறிப்பவரையும் கடப்பாரையோடு பாறை வெட்டுகிறவரையும் அது ஒரே தராசில் நிறுத்துகிறது. முதலில் எழுதியதைவிட இது சின்ன வாதம், சரி, ஆனால் இதற்குப் பாசிக்காரப் பெண் ஒருவரே போதும்.

உங்கள் பக்கத்தில் பாசிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். கிலோவுக்கு என்ன கிடைக்கிறது, எத்தனை நாள் கடலுக்குப் போக முடிகிறது என்பதை அவர்களிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.