நானோ டெக்னாலஜி: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

மெட்டீரியல்ஸ் லேப்ல வேலை பாக்குறேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமா வெட்டுனா ஒரு நானோமீட்டர். 1லேர்ந்து 100 நானோமீட்டர் வரை உள்ள சரக்கு பத்தி கேளுங்க. பங்குச்சந்தை வேண்டாம்.

கே: போன் ஸ்கிரீன்ல நானோ லிக்விட் தடவுனா கீழ விழுந்தா உடையாதாமே?
ப: உடையும். கைரேகை கொஞ்சம் கம்மியா ஒட்டும், அவ்ளோதான்.

கே: சார், சாதாரண வீட்டுல நிஜமாவே நானோ எங்க இருக்கு?
ப: நல்ல கேள்வி. பிரெக்னன்சி கிட்ல ரோஸ் கலர்ல கோடு விழுதே, அது பெரும்பாலும் தங்கம். அந்த சைஸ்ல தங்கம் மஞ்சளா இருக்காது, சிவப்பா தெரியும், அதுமேல கர்ப்ப ஹார்மோனைப் பிடிக்கற ஆன்டிபாடிங்கற புரதத்தை ஒட்டி வச்சிருப்பாங்க, ஹார்மோன் இருந்தா கோட்டுல வந்து மாட்டிக்கும். டயர் கறுப்பா இருக்கறது கார்பன் பிளாக்ங்கற கரித்தூளால, அதுவும் நானோதான், நூறு வருஷமா ஓடுது, யாரும் விளம்பரம் பண்ணல. முகத்துல வெள்ளை பூக்காத சன்ஸ்கிரீன்ல நானோ சிங்க் ஆக்சைடு. கிரீமா இருந்தா பயமில்ல, ஸ்பிரேயா இருந்தா மூக்குக்குள்ள போகும், வாங்காதீங்க.

கே: திருப்பூர்ல சில்வர் நானோ சாக்ஸ் எடுக்கலாமா?
ப: நாத்தம் குறையும். ஆனா துணியில வெள்ளி எப்படிப் பிடிச்சிருக்குன்னு கேளுங்க. 2008ல அமெரிக்காவுல அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியில இப்படி சாக்ஸை வெறும் தண்ணியில அலசிப் பாத்தாங்க, சிலதுல நாலு அலசலுக்குள்ள வெள்ளி கிட்டத்தட்ட மொத்தமும் போயிடுச்சு. எங்க போகும்? சாக்கடைக்கு. அங்க சுத்திகரிப்பு வேலை செய்யற பாக்டீரியாவையும் அது விடாது. வாஷ் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம ஆர்டர் போடாதீங்க.

கே: போனுக்கு நானோ கோட்டிங்...
ப: மேல பாருங்க.

கே: அண்ணே, ஒரு மூட்டை யூரியாவுக்குப் பதிலா அரை லிட்டர் நானோ யூரியா போதும்ங்கறாங்களே?
ப: கணக்கு போடுவோம். 45 கிலோ மூட்டையில 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்கு மேல. 2021ல இஃப்கோங்கற உரக் கூட்டுறவு நிறுவனம் கொண்டுவந்த பாட்டில்ல 4 சதவீதம், 500 மில்லிக்கு வெறும் 20 கிராம்.

கே: மண்ணுல போட்டா பாதி வீணாப் போகுது, இலையில அடிச்சா நேரா உள்ள போகும்ல? கணக்கு மட்டும் பாத்தா எப்படி?
ப: வீணாகுறது உண்மைதான் தம்பி. பாதி போனாலும் மீதி 10 கிலோ இருக்கே, 20 கிராம் முழுசா உள்ள போனாலும் 20 கிராம்தானே.

கே: நானோ யூரியா பிளஸ்னு ஒண்ணு வந்திருக்கு, அதுல 20 சதவீதம்!
ப: சரி, 100 கிராம். இன்னும் 10 கிலோ வரல. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வயல்ல போட்டுப் பாத்தப்போ நெல், கோதுமை ரெண்டுலயும் மகசூல் குறைஞ்சுது, தானியத்துல புரதமும் குறைஞ்சுது. இந்தப் பயிர் ரெண்டும் காத்துலேர்ந்து தழைச்சத்து எடுக்கற ரகம் இல்ல.

கே: எங்க ஊர்ல ஒருத்தர் அடிச்சாரு, பச்சைப் பசேல்னு நிக்குது.
ப: அடியுரம் போட்டாரா இல்லையா? அதைச் சொல்லாம பச்சையை மட்டும் சொன்னா நான் என்ன பண்ண?

கே: நானோ கோட்டிங் பண்ணுனா ஸ்கிரீன்...
ப: அய்யா!!

கே: தண்ணி ஃபில்டர்ல பயன் உண்டா?
ப: உண்டு. ஆர்சனிக் உள்ள தண்ணிக்கு சென்னை ஐஐடியில பேராசிரியர் பிரதீப் குழு இரும்பு வச்சு ஒரு நானோ சரக்கு பண்ணாங்க, விஷம் அதுல ஒட்டிக்கும். நிறைஞ்சதும் மாத்தணும், கழிச்சதைத் தோட்டத்துல கொட்டக்கூடாது.

கே: அண்ணே, யூரியா பாட்டில் ஏற்கெனவே வாங்கிட்டேன், என்ன பண்ண?
ப: எல்லா வயல்லயும் வழக்கமான உரத்தைக் குறைக்காதீங்க. ஒரு பாத்தியில மட்டும் குறைச்சு இதை அடிங்க, அறுப்புல ரெண்டையும் தனித்தனியா எடை போடுங்க. அடிக்கும்போது மாஸ்க் போடுங்க, காத்துக்கு எதிரா நிக்காதீங்க.