காயம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது: கும்பல் கொலை மேல்முறையீடு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: என் அண்ணனை 9 பேர் வெட்டிக் கொன்றார்கள். தடுக்கப் போன எனக்கும் கையில் வெட்டு. செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். இப்போது ஹைகோர்ட்டில், "கூடப் பிறந்தவர் சாட்சியம், நம்பக் கூடாது" என்கிறார்கள். எடுபடுமா?

பதில்: அது மட்டும் எடுபடாது. உறவுக்காரர் வேறு, பொய் சொல்வதில் ஆதாயம் உள்ளவர் வேறு. வெட்டுப்பட்டவர் தன்னை வெட்டியவனை விட்டுவிட்டுச் சம்பந்தமில்லாதவனைக் காட்டிக்கொடுப்பது லேசில் நடக்காது. காயம்பட்ட சாட்சியை ஒதுக்க வேண்டுமென்றால் வலுவான காரணம் வேண்டும் என்று 2010-ல் அப்துல் சயீத் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது.

ஆனால் உங்கள் கைக்காயம் நீங்கள் அங்கே இருந்ததற்குத்தான் அத்தாட்சி. அந்த 9 பேரும் இருந்தார்கள் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்தான். எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவராக இருந்தால் உறவை விட்டுவிட்டு இங்கேதான் கை வைப்பார். வெளிச்சம் எங்கிருந்து வந்தது, வெட்டுப்பட்டதும் ஓடினீர்களா, நின்று பார்த்தீர்களா என்று குறுக்கு விசாரணையில் நீங்கள் சொன்ன பதில்களை எடுத்து வைப்பார். அந்தப் பக்கங்களை உங்கள் தரப்பு வக்கீலோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் எழுதியது 4 பேர், புகாரில் 9 பேர். எங்கள் தரப்பு விடுதலைக்கு இது ஒன்றே போதாதா?

பதில்: வழக்குக் கட்டு வந்ததும் நான் முதலில் புரட்டுவது ஏ.ஆர். காப்பியைத்தான், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். இரவுப் பணி டாக்டர் அவசரத்தில் கிறுக்கிய ஒரே வரி இருக்கும்: "தெரிந்த 4 நபர்கள் அரிவாளால் வெட்டியதாக." பல வழக்குகளில் இது போலீஸ் புகாருக்கு முன்பே பிறந்துவிட்ட காகிதம். அதனால்தான் இதற்கு மதிப்பு.

டாக்டரின் வேலை சிகிச்சை, புலனாய்வு இல்லை. பெயர்களை எழுதவில்லை என்பதற்காக வழக்கு சரிந்துவிடாது. எண்ணிக்கை மாறியிருந்தால்தான் சிக்கல். அப்போதும் டாக்டரிடம் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். மயங்கிக் கிடந்தவரைத் தூக்கி வந்தவர் சொல்லியிருந்தால் அதைக் காயம்பட்டவர் தலையில் கட்ட முடியாது. அவரே நினைவோடு சொன்னார் என்று டாக்டர் கூண்டில் ஒப்புக்கொண்டிருந்தால், 4 எப்படி 9 ஆனது என்று அரசுத் தரப்பு விளக்கியாக வேண்டும். அப்புறம், முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்றும் பாருங்கள். பெயர்கள் கூடுவதாக இருந்தால் அந்த இடைவெளியில்தான் கூடும்.

இவ்வளவும் சாதகமாக அமைந்தாலும் எல்லோருக்கும் விடுதலை கிடைப்பது அரிது. ஒன்று பொய் என்றால் எல்லாமே பொய் என்ற விதி நம் நாட்டில் செல்லாது. பதரைத் தூற்றிவிட்டு நெல்லை எடுத்துக்கொள்வார்கள். பின்னால் சேர்ந்த பெயர்களுக்குத்தான் சந்தேகத்தின் பலன் கிடைக்கும்.

கேள்வி: என் மகன் ஏ7, அதாவது வழக்கில் 7-வது குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவன். காயம்பட்டவர் சொன்னது "இவனும் கூட நின்றான்" என்பது மட்டும்தான். அதற்கு ஆயுளா?

பதில்: வரலாம் என்பதுதான் கசப்பான உண்மை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-ம் பிரிவு (இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 190) அப்படிப்பட்டது. 5 பேருக்குக் குறையாத சட்டவிரோதக் கூட்டத்தில் பொது நோக்கத்தோடு இருந்தாலே போதும், கை ஓங்கியிருக்க வேண்டியதில்லை. 1964-ல் மசல்தி வழக்கில் இதைச் சொன்ன அதே உச்ச நீதிமன்றம், பெருங்கூட்டத்தில் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல இரண்டு மூன்று சாட்சிகளாவது முரணின்றிப் பேசுகிறார்களா என்று பார்ப்பது நல்லது என்றும் சொன்னது. இது முன்னெச்சரிக்கைதான், கட்டாயக் கணக்கு இல்லை. ஒரே சாட்சி முழு நம்பிக்கைக்கு உரியவரானால் அவர் சொல்லே போதும் என்று 1957-லேயே வடிவேலு தேவர் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

ஆகவே சாட்சிகளின் தலையை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மகன் கையில் ஆயுதம் இருந்ததாகச் சாட்சியம் உண்டா? கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போனானா, சத்தம் கேட்டு வந்து நின்றவனா? பகை முற்றிய ஊர்களில் வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் நீதிபதிகளுக்குத் தெரியாததில்லை. "கூட நின்றான்" என்ற ஒற்றை வரியில் தொங்கும் தண்டனை மேல்முறையீட்டில் ஆட்டம் காணத்தான் செய்யும்.

கேள்வி: 9 பேரில் 6 பேரை விடுவித்துவிட்டால் மீதி 3 பேர் மீது 149 நிற்குமா?

பதில்: குற்றச்சாட்டில் அந்த 9 பேர் மட்டுமே என்றால் நிற்காது. அடையாளம் தெரியாத வேறு சிலரும் இருந்ததாகக் குற்றச்சாட்டும் சாட்சியமும் சொன்னால் நிற்கலாம். நிற்காவிட்டாலும் 3 பேரும் தப்பிவிடுவதில்லை. எல்லோரும் ஒரே எண்ணத்தோடு செய்ததாக அதே பழைய சட்டத்தின் 34-ம் பிரிவோ, அவரவர் செய்த செயலோ காத்திருக்கிறது.

கேள்வி: மேல்முறையீட்டில் நான் சாட்சியாக மறுபடி கூண்டேற வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டாம். ஏற்கெனவே பதிவான சாட்சியத்தைப் படித்துத்தான் விசாரணை நடக்கும். கூடுதல் சாட்சியம் எடுக்க அதிகாரம் உண்டு, ஆனால் அது அபூர்வம். "மாற்றிச் சொல்லி ஒரு பிரமாணப் பத்திரம் கொடு" என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டினால், 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம். உயிருக்கே ஆபத்து என்றால், விசாரணை முடிந்த பிறகு வரும் மிரட்டலுக்கும் அது பொருந்தும்.