மண்ணீரலை எடுத்தவருக்கு இடுப்புக்குழியில் கட்டி வந்தால் புற்றுநோய்தானா?

பைக் விபத்தில் சிதைந்த மண்ணீரலை 20 வருடம் முன்பு எடுத்துவிட்டார்கள், இப்போது ஸ்கேனில் கர்ப்பப்பைக்குப் பின்னால் நாலைந்து உருண்டைகள் என்கிறீர்கள். புற்றுநோயை விலக்கத்தான் வேண்டும். ஆனால் ‘ஸ்ப்ளீனோசிஸ்’ ஆகவும் இருக்கலாம். தீங்கற்றது. மண்ணீரல் சிதறும்போது துணுக்குகள் வயிற்றுக்குள் விழுந்து, ஒட்டிய இடத்திலேயே ரத்த ஓட்டம் பிடித்து வளர்ந்துவிடும். பதியன் போட்ட மாதிரி!

கண்டுபிடிக்கும் விதம் அழகு. உங்கள் சிவப்பணுக்களை எடுத்து, சூட்டில் லேசாகக் கெடுத்து, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்துத் திரும்ப ஏற்றுவார்கள். கெட்ட சிவப்பணுவைப் பிடிப்பது மண்ணீரலின் பிழைப்பு. உருண்டைகள் அவற்றை இழுத்துக்கொண்டு ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்தால், அது மண்ணீரல் திசுதான். ஊசி குத்திச் சதை எடுத்தால் ரத்தம் கசியும் என்பதால் முதலில் இந்த ஸ்கேனைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்புறம், கிருமிகளைத் தடுக்கும் மண்ணீரலின் வேலையைத் துணுக்குகளே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, நிமோனியா போன்ற தொற்றுகளுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியைத் தவிர்க்காதீர்கள்.