மோர்கேஜ்: செத்தது யார்?

கேள்வி: வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். மோர்கேஜ் என்றால் பிரெஞ்சில் 'செத்த பிணை' என்று மகள் சொல்லப்போய், அம்மா காணி உறுதியைத் தரமாட்டேன் என்கிறார். அர்த்தம் அதுதானா? 1782இல் பிரெஞ்சுக்காரர் திருகோணமலையைப் பிடித்தபோது விட்டுப்போன சொல்லா?
– வாசகி, உப்புவெளி

பதில்: மகள் சொன்னது சரி. மோர் என்றால் செத்தது, கேஜ் என்றால் பிணை. நிச்சயார்த்தத்துக்குச் சொல்கிறோமே எங்கேஜ்மென்ட், அதற்குள் இருப்பதும் இதே கேஜ்தான். ஆனால் 1782இல் வந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனின் கப்பலில் வந்த சொல் இல்லை இது. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள், அதற்கப்புறம் சில நூறு வருடங்கள் அங்கே சட்டக்காரர்களின் மொழி பிரெஞ்சு, அப்படி ஆங்கிலத்துக்குள் போன சொல் 1795இல் நம் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயரோடு இங்கே வந்தது.

சரி, செத்தது யார்? ஆள் இல்லை அம்மா, பிணைதான். கடனைக் கட்டாவிட்டால் காணி கடன் வாங்கியவருக்குச் செத்தது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்குச் செத்தது என்று 15ஆம் நூற்றாண்டு நீதிபதி தாமஸ் லிட்டில்டன் விளக்கினார். எனக்கு அதைவிடப் பழைய விளக்கம்தான் பிடிக்கும். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிணைவைத்த நிலத்தின் விளைச்சல் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால் அது உயிருள்ள பிணை. கடன் கொடுத்தவர் விளைச்சலை எடுத்தும் முதல் அப்படியே நின்றால் செத்த பிணை. இது நம் ஒற்றியேதான்! வயலை ஒற்றிக்குக் கொடுத்தால் நெல் வட்டிக்குப் போகும், முதலில் ஒரு சதமும் குறையாது. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்திலும் ஒற்றி இருக்கிறது.

வங்கி கேட்பது ஒற்றி இல்லை, ஈடு. காணியின் உரித்து உங்களிடமே இருக்கும், நீங்களே குடியிருப்பீர்கள், கட்டும் பணம் முதலையும் குறைக்கும். தவணை தவறினால் ஏலம் வரலாம், அந்தப் பயம் நியாயமானது. அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: வெளியாட்களிடம் கைமாற்று வாங்கும்போதுதான், பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறோம் என்று சொல்லி அறுதி உறுதியில், அதாவது காணியை முழுதாக விற்றுவிடும் உறுதியில், கையெழுத்து வாங்குவார்கள், அதில் போட்டால் காணி அன்றைக்கே கைமாறிவிடும். நொத்தாரிசு எழுதியதில் 'ஈடு' என்று இருக்கிறதா 'அறுதி' என்று இருக்கிறதா என்று, கையெழுத்துக்கு முன்னால் மகளையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.