நீலச் சுவருக்கு எந்தச் சட்டம்?

கும்பகோணத்தில் முப்பது வருடமாகப் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, நீல அறைகளைப் பற்றியவை. சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: ஹாலில் ஒரே ஒரு சுவருக்குக் கருநீலம் அடித்தோம். அதில் என் கல்யாணத்துக்கு வந்த வெண்ணெய்க் கண்ணன் தஞ்சாவூர் ஓவியத்தை மாட்டினோம். சுவரும் படமும் ஒட்டவே இல்லை என்கிறார் என் கணவர். சட்டம் தங்க நிறத்தில், அகலமாக, பூவேலையோடு இருக்கிறது. சுவரை மாற்றுவதா, படத்தை மாற்றுவதா? – வாசகி, தேனி

இரண்டையும் தொடாதீர்கள் அம்மா. சட்டத்தை மாற்றுங்கள்.

உங்கள் படத்தில் ஏற்கெனவே தங்கரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, இருக்கிறது. சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்த மக்கு வைத்து மேடாக்கி, அதன்மேல் ரேக்கு ஒட்டி, கல் பதித்த வேலை அது. அதைச் சுற்றித் தங்கப் பெயின்ட் அடித்த பூவேலைச் சட்டம் வந்தால், அசல் தங்கம்தான் மங்கித் தெரியும். கண் முதலில் சட்டத்துக்குத்தான் போகும். பின்னால் கருநீலம் வேறு இருப்பதால் அந்தப் பெயின்ட் இன்னும் தூக்கலாகத் தெரிகிறது. உங்கள் கணவர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு அங்குல அகலத்தில், வேலைப்பாடு இல்லாத தேக்குச் சட்டம் போடுங்கள். பாலிஷ் லேசாக இருக்கட்டும், மர ரேகை தெரிய வேண்டும். தேக்கின் பழுப்பை உற்றுப் பார்த்தால் அடியில் காவி ஓடும். நீலத்துக்கு நேரெதிர் நிறம் காவிதான். அதனால்தான் எந்த நீலச் சுவரிலும் தேக்கு தனியாக எடுத்துக் காட்டும், உறுத்தவும் உறுத்தாது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? தஞ்சாவூர் ஓவியத்தில் குழந்தைக் கண்ணனைப் பெரும்பாலும் நீலமாகத் தீட்ட மாட்டார்கள், வெளுத்த நிறத்தில்தான் தீட்டுவார்கள். கருநீலச் சுவரில் அந்தப் பிள்ளை உடம்பு எப்படிப் பளிச்சென்று தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். நான் பார்த்தவரை தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கருநீலத்தைப் போல் ஒரு சுவர் கிடையாது.

கண்ணாடி கல்லில் படாதபடி உள்ளே கட்டை கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அப்புறம் விளக்கு. பல்பு அட்டையில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது வெள்ளை வெளிச்சம். அதில் தங்கம் வெளிறிவிடும், நீலம் சில்லென்று ஆகிவிடும். 2700 அல்லது 3000 என்று போட்ட மஞ்சள் வெளிச்ச பல்பு ஒன்றை மேலிருந்து சாய்வாக விழும்படி வையுங்கள். சாயங்காலம் அதை மட்டும் போட்டுவிட்டு உங்கள் கணவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. படுக்கை அறைக்கு வெளிர்நீல டிஸ்டெம்பர். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒட்டும் பட்டை வாங்கி மாட்டிய படம் இரண்டே நாளில் விழுந்துவிட்டது. – வாசகர், சென்னை

டிஸ்டெம்பர் மாவு மாதிரி உதிரும் தம்பி, பட்டை அதில் நிற்காது. நல்லவேளை, கண்ணாடி யார்மேலும் விழவில்லை. சட்டம் போட்ட படம் வேண்டுமென்றால் மேசை மேலோ அலமாரி மேலோ சுவரில் சாய்த்து வையுங்கள், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டு.

என்னைக் கேட்டால், ஒரு கலம்காரித் துணி வாங்குவேன். மேலேயும் கீழேயும் மூங்கில் குச்சி கோத்து, முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஆணி எங்கேயாவது இருக்கும், அதில் தொங்கவிடலாம். கனமே இருக்காது. வேர்ச்சாயச் சிவப்பு, கடுக்காய் மஞ்சள், வெல்லமும் இரும்பும் ஊறவைத்து எடுக்கிற கறுப்பு, இந்த மூன்றும் வெளிர்நீலத்தில் அவ்வளவு இதமாக உட்காரும். ஜன்னல் வெயில் நேராக விழுகிற சுவர் மட்டும் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

கேள்வி: நீலச் சுவரில் நீலப் படம், கடல் படம் மாதிரி, மாட்டலாமா? – வாசகர், ஓசூர்

தாராளமாக. சுவரை விட ஒன்று நன்றாக அழுத்தமான நீலம், இல்லையென்றால் நன்றாக வெளிறிய நீலம். கிட்டத்தட்ட அதே நீலம்தான் ஆகாது, அழுக்காகத் தெரியும். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மூன்று அங்குலம் மவுண்ட், அதாவது அட்டை ஓரம், கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி வீடு பழைய வீடு. சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த கூடம். தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கீழ்ப்பக்கம் சிவப்பாகக் கறை வேறு. புதுச் சட்டம் போட முடியுமா? – வாசகி, நாகப்பட்டினம்

முதலில் ஒன்று: தயவுசெய்து பிரித்து எடுக்கப் பார்க்காதீர்கள். பழைய போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். கடல்காற்று ஈரத்தில் அது இளகி, கண்ணாடியோடு பசை போல் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். என் கடைக்கு அப்படி ஒரு படம் வந்தது. பாட்டியின் மூக்குத்தியும் பாதிக் கன்னமும் கண்ணாடியில், மீதி அட்டையில். கொண்டுவந்த பையன் அழுதுவிட்டான்.

கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்து பிரதி எடுங்கள். அந்தப் பிரதிக்குத்தான் புதுச் சட்டம். பிரதியை நல்ல கறுப்பாக மாற்றச் சொல்லாதீர்கள். அந்தப் பழுப்பு இருக்கட்டும், வெளிர்நீலச் சுவரில் அதுதான் அழகு. சுற்றி மூன்று அங்குல மவுண்ட், தந்த நிறத்தில். தூய வெள்ளை போட்டால் பழுப்புப் படம் அழுக்காகத் தெரியும், நீலச் சுவர் பக்கத்தில் அந்த வெள்ளையும் நீலம் பாரித்துவிடும். மவுண்ட் இருந்தால் படம் கண்ணாடியில் படவும் படாது, இனி ஒட்டாது. சட்டம் மெல்லிய கறுப்பு, முக்கால் அங்குலம் போதும்.

சிவப்புக் கறை குங்குமம்தான். கண்ணாடியில் வைத்த பொட்டை ஈரத்துணியால் நன்றாக நனைத்துத் துடைக்கும்போது, தண்ணீர் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கிவிடுகிறது. துணியைப் பிழிந்துவிட்டு மேலிருந்து பாதிவரைதான் துடைக்க வேண்டும், கீழ் ஓரத்துக்குக் காய்ந்த துணி.

சுண்ணாம்புச் சுவரில் சுத்தியலால் அடித்தால் காரை கொட்டும், ட்ரில் போட்டுப் பிளக் வையுங்கள். உப்புக் காற்றுக்குப் பித்தளை ஸ்க்ரூ. சட்டத்தின் பின்னால் கீழ் மூலை இரண்டிலும் கால் அங்குல ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும், ராமபாணப் பூச்சி தங்காது. நிலைக்கு மேலே உயரத்தில் மாட்டுவது வழக்கம்தான். ஆனாலும் படத்தின் நடு தரையிலிருந்து ஐந்தடியில் இருந்தால், பேரப்பிள்ளைகள் நின்று முகம் பார்ப்பார்கள்.

அசல் படத்தைக் கண்ணாடியோடும் பழைய சட்டத்தோடும் பருத்தித் துணியில் சுற்றி, பீரோவில் நிமிர்த்தி வையுங்கள். மேலே எதையும் அடுக்காதீர்கள்.