நாவலூர், கூடுவாஞ்சேரி, சேலையூர்: சென்னைக்குக் குடிபெயரும் குடும்பம் எங்கே வீடு பார்ப்பது?

கேள்வி: திருச்சியில் ஐ.டி. நிறுவனமொன்றில் இருக்கிறேன். சிறுசேரி சிப்காட்டுக்கு மாற்றல் வந்திருக்கிறது. மனைவிக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. இருவருக்கும் சேர்த்து மாதம் 1,40,000 ரூபாய் கைக்கு வரும். மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் எட்டாம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. பள்ளி ஆண்டு முடிந்ததும் கிளம்ப வேண்டும். மூன்று இடங்களில் இரண்டு படுக்கையறை வீடு விசாரித்தோம். நாவலூரில் அடுக்குமாடி, வாடகை 28,000, பராமரிப்பு 4,500. கூடுவாஞ்சேரியில் 15,000, பராமரிப்பு 2,000. கிழக்குத் தாம்பரம் சேலையூரில் 22,000, பராமரிப்பு 1,500. திருச்சி வீட்டை விற்றுவிட்டு 70 லட்சத்தில் சென்னையிலேயே ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார் அப்பா. எது சரி?

பதில்: சேலையூர்ப் பக்கம் வாடகைக்குப் போங்கள். திருச்சி வீட்டை இப்போதைக்கு விற்காதீர்கள். இந்த முடிவுக்கு வரும் வழி வீட்டு வாடகையில் தொடங்கவில்லை, உங்கள் மகளின் பள்ளியில் தொடங்குகிறது.

மகள் அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. சி.பி.எஸ்.இ.யில் பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே நடந்துவிடும். அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்றுவதென்றால் பெற்றோரின் பணி மாற்றம் போன்ற காரணத்தை ஆவணத்தோடு காட்டி வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். 'வீடு பிடிக்கவில்லை, வேறு ஏரியாவுக்குப் போகிறோம்' என்பதெல்லாம் காரணமாக நிற்காது. ஆக, இப்போது சேர்க்கும் பள்ளிதான் இரண்டு ஆண்டுக்குப் பள்ளி. வீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எனவே முதலில் பள்ளி, பிறகு அதிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் வீடு. பெரும்பாலானோர் அட்வான்ஸ் கொடுத்து சாவி வாங்கிய பிறகு பள்ளி தேடுகிறார்கள். பக்கத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இடமில்லை என்று தெரியவரும்போது பிள்ளை தினமும் ஒன்றரை மணி நேரம் வேனில் உட்கார வேண்டியதாகிறது.

சென்னையில் பல தனியார் பள்ளிகள் ஜனவரிக்குள்ளேயே அடுத்த ஆண்டுச் சேர்க்கையை முடித்துவிடும். ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைப்பது ஓரளவு எளிது. ஒன்பதாம் வகுப்பில் யாராவது டி.சி. வாங்கிப் போனால்தான் உண்டு. ஆகவே மகளுக்கு இடம் இருக்கிற பள்ளியைப் பிடித்து, மகனையும் அங்கேயே சேர்க்கப் பாருங்கள். கட்டண விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்: கல்விக் கட்டணம் எத்தனை தவணை, சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, திருப்பித் தரும் வைப்புத்தொகை எவ்வளவு, புத்தகம், சீருடை, வேன் கட்டணம் பத்து மாதத்துக்கா பதினொரு மாதத்துக்கா என்பது வரை. வேன் கட்டணம் தூரத்தைப் பொறுத்து ஏறும். இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் 2,000 வித்தியாசம் சர்வசாதாரணம்.

இனி மூன்று இடங்களுக்கும் வருவோம். வாடகையை மட்டும் அடுத்தடுத்து எழுதினால் கூடுவாஞ்சேரி சேலையூரைவிட 7,000 ரூபாய் மலிவு. மாதச் செலவு முழுவதையும் எழுதினால் படம் மாறுகிறது. மாதம் 22 வேலை நாள், காருக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக சிறுசேரிக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. மாதம் 1,320 கி.மீ., பெட்ரோலுக்கு 8,900 ரூபாய். மனைவிக்கு நுங்கம்பாக்கம் நேர் ரயில். சீசன் டிக்கெட், ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, எல்லாம் சேர்த்து 2,000. வேன் 5,000. குடிநீர் கேன், கழிவுநீர் லாரிக்கு 1,000. வாடகை, பராமரிப்போடு மொத்தம் 33,900.

சேலையூரிலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக சிறுசேரி சுமார் 25 கி.மீ. பெட்ரோல் 7,400. மனைவி தாம்பரத்தில் ரயில் ஏறினால் நுங்கம்பாக்கத்தில்தான் இறங்க வேண்டும், மாறுவது கிடையாது, 1,500 போதும். பள்ளி பக்கத்தில் என்றால் வேன் 3,000. தண்ணீர், கழிவுநீர் 1,000. மொத்தம் 36,400.

நாவலூரில் உங்களுக்குப் பயணச் செலவு 1,500தான். ஆனால் அங்கே ரயில் கிடையாது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம்தான் என்றாலும், ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) முழுக்கக் கடந்து நுங்கம்பாக்கம் போய் வருவதை மனைவி தினமும் செய்வார் என்று நான் கணக்குப் போட மாட்டேன். கேப், ஆட்டோ, ரயில் என்று கலந்து 5,000 வைக்கலாம். வேன் 5,000, கோடையில் தண்ணீர் லாரிப் பங்கு 1,000. மொத்தம் 45,000.

ஆக, 7,000 ரூபாய் வாடகை வித்தியாசம் கையில் 2,500 ஆகச் சுருங்குகிறது. அந்த 2,500க்குக் கிடைப்பது, ரயிலில் மனைவிக்கு மிச்சமாகும் நேரமும் உங்களுக்குத் தினமும் பத்து கிலோமீட்டர் குறைவும். மகனுக்கு மாலையில் காப்பகம் மூன்று இடத்திலுமே தேவைப்படும் என்பதால் அந்தக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. ஆனால் பல காப்பகங்கள் ஏழு மணிக்குப் பூட்டிவிடும். ஆறு மணிக்கு நுங்கம்பாக்கத்தை விட்டுக் கிளம்புகிறவர் கூடுவாஞ்சேரியில் ஏழு மணிக்குள் குழந்தையைக் கூட்டிக்கொள்ள முடியாது. அதற்கு ஓர் ஆளைப் போட்டால் மிச்சமும் போயிற்று. உங்கள் நிறுவனம் தாம்பரம் பக்கம் பேருந்து விடுகிறதா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். விட்டால் சேலையூர்க் கணக்கு கூடுவாஞ்சேரிக்கும் கீழே வந்துவிடும்.

ஒன்றை மறைக்க வேண்டாம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி ஓ.எம்.ஆரிலும் நடக்கிறது, மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் தடத்திலும் நடக்கிறது. வீட்டுக்காரர்கள் 'மெட்ரோ வருது சார்' என்று இப்போதே வாடகையில் அதைச் சேர்க்கிறார்கள். ரயில் ஓடும்போது அதற்கான காசைக் கொடுத்துக்கொள்ளலாம்.

கிழக்குத் தாம்பரம் என்று சொன்னதில் ஓர் அர்த்தம் உண்டு. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வாடகை குறைவாக இருப்பதைப் பார்த்து ஆசைப்படலாம். அடையாற்றை ஒட்டிய அந்தத் தாழ்வான பகுதிகள் 2015 டிசம்பரில் மூழ்கியவை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. கூடுவாஞ்சேரியிலும் நந்திவரம் ஏரியை ஒட்டிய நகர்களை விசாரிக்காமல் தொடாதீர்கள். கிழக்குத் தாம்பரமும் முழுக்கத் தப்பியதல்ல. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எல்லாம் ஏரிகளுக்கு நடுவே எழுந்த ஊர்கள். ஏரி நிரம்பினால் உபரிநீர் எந்தத் தெரு வழியாக ஓடும் என்பதுதான் கேள்வி. ஒரே நகரில் மூன்றாவது தெரு காய்ந்திருக்கும், ஐந்தாவது தெருவில் முழங்கால் அளவு நிற்கும்.

இதைத் தரகரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் பால் கடைக்காரரிடமும் '2023ல் இங்கே எதுவரை வந்தது?' என்று கேளுங்கள். கையால் அளந்து காட்டுவார்கள். காம்பவுண்டு சுவரின் உள்பக்கம் பாருங்கள், புதுப் பெயின்டுக்கு அடியிலும் ஈரக்கோடு தெரியும். மின் மீட்டர் பெட்டி பக்கத்து வீடுகளிலெல்லாம் தலைக்கு மேலே ஏற்றப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. முக்கியமாக, வண்டி நிறுத்தும் தரை சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலை உயர்ந்து, பதினைந்து வருஷத்துக்கு முன் மேடாக இருந்த வீடு இன்று குழிக்குள் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் தரைத்தளம் வேண்டவே வேண்டாம், முதல் மாடி என்றால் யோசிக்கலாம். கார் இருப்பதால் காப்பீட்டில் என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையும் எடுத்துவிடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து கெடுத்தால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

அடுத்தது தண்ணீர். போர்வெல் தண்ணீரை, அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் அளந்து பாருங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். 1,500ஐத் தாண்டினால் ஹீட்டர், வாஷிங் மெஷின், குழாய் எல்லாவற்றிலும் வெள்ளைப் படிவம் கட்டும். குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் ஏப்ரல், மே மாதக் கணக்கைக் கேளுங்கள்: எத்தனை லாரி வந்தது, செலவு பராமரிப்புக்குள்ளா வெளியிலா? 4,500 பராமரிப்பு கோடையில் 6,500 ஆகும் வீடுகள் ஓ.எம்.ஆரில் உண்டு. புறநகரில் பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. செப்டிக் டேங்க் என்றால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை லாரி வருகிறது, யார் பணம் கொடுக்கிறார்கள், போருக்கும் டேங்குக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீட்டில் அரசு தரும் இலவச யூனிட் சலுகை உங்கள் கைக்கு வராது.

ஒப்பந்தம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நடைமுறையில் ஐந்து, ஆறு மாதம் கேட்பார்கள். நீங்கள் மூன்றில் தொடங்குங்கள். 'பதினொரு மாதம்தானே, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால் போதும்' என்பது பழைய பழக்கம். இந்தச் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே முடியும். உங்களுக்கு இரண்டு பள்ளி ஆண்டு நிம்மதியாகப் போக வேண்டும் என்பதால், 11 மாதம் முடிந்ததும் உங்கள் விருப்பத்தின் பேரில் நீட்டிக்கலாம், உயர்வு 5 சதவீதம், காலி செய்ய இரண்டு மாத அவகாசம், பெயின்ட் செலவுக்கு உச்சவரம்பு என்று நான்கையும் எழுத வையுங்கள். பெயின்ட் என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். எழுதாவிட்டால் சண்டைதான்.

'சென்னையில் வீட்டு வாடகைப்படிக்கு (எச்.ஆர்.ஏ.) அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை வரிக் கழிவு, திருச்சியில் 40தான், அதனால் பெரிய வாடகை கொடுத்தாலும் வரியில் வந்துவிடும்' என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். அது பழைய வரி முறையில்தான். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில், சம்பளக்காரர்களுக்கு ஆண்டு வருமானம் 12.75 லட்சம் வரை வரியே இல்லை. நீங்கள் இருவரும் தனித்தனியே அந்த எல்லைக்குள் இருந்தால் வாடகைப்படிக் கழிவால் ஒரு ரூபாய் லாபமும் கிடையாது.

மருத்துவக் காப்பீட்டை மறந்துவிடுவார்கள். சொந்த பாலிசி இருந்தால் அது எந்த மண்டலத்துக்கு எடுத்தது என்று பாருங்கள். சிறு நகரப் பிரீமியத்தில் எடுத்த சில பாலிசிகள் பெருநகர மருத்துவமனையில் சேர்ந்தால் பில்லில் ஒரு பங்கை உங்களைக் கட்டச் சொல்லும். குடிபெயர்ந்த உடனே முகவரி மாற்றி மண்டலத்தையும் உயர்த்திவிடுங்கள்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். 70 லட்சம் வீட்டுக்கு 56 லட்சம் கடன், 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் தவணை ஏறக்குறைய 46,800. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது, தவறான தெருவில் வாங்கிவிட்டு வெளியே வரும் செலவு. முதல் விற்பனை அடுக்குமாடி வீட்டுக்கு இந்த விலையில் முத்திரைத்தாளும் பதிவும் சேர்ந்து 7 சதவீதம், அதாவது 4.9 லட்சம். மறுவிற்பனை வீடு என்றால் 9 சதவீதம், 6.3 லட்சம். ஒரு மழையைப் பார்த்தபின் விற்கலாம் என்று நினைத்தால் இந்தப் பணம் திரும்பாது. அதனால் வாடகை வீட்டில் இருந்துகொண்டே ஒரு மே மாதத்தையும் ஒரு நவம்பர்–டிசம்பரையும் பாருங்கள். அதற்குள் எந்தத் தெருவில் வாங்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

திருச்சி வீட்டை அதுவரை வாடகைக்கு விடுங்கள். வரும் வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக் கழிவாகக் கழித்துத்தான் வரி பார்ப்பார்கள். பிறகு விற்றாலும், விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் (அல்லது விற்பதற்கு ஓராண்டு முன்பே) லாபத் தொகையை வேறு வீட்டில் போட்டால் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு. இந்தக் கெடிகாரம் விற்ற அன்றைக்குத்தான் ஓடத் தொடங்கும். இப்போதே விற்றுவிட்டு அவசரமாக வீடு தேட வேண்டிய நெருக்கடியை நீங்களாக வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் சேமிப்புக் கணக்கில் மூன்று லட்சம் தனியாக இருக்கட்டும். மூன்று மாத அட்வான்ஸ் 66,000, தரகு ஒரு மாத வாடகை, இரண்டு பிள்ளைகளின் சேர்க்கை, சாமான் ஏற்றி இறக்க லாரி, ஏ.சி. கழற்றி மாட்டுவது, முதல் மாத வாடகை, மனைவியின் முதல் சம்பளம் வரும்வரை வீட்டுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். அட்வான்ஸை ஆறு மாதமாக ஏற்றினால் இதே தொகை 66,000 கூடும். அதற்காக பி.எஃப். பணத்தில் கைவைக்க வேண்டாம், வேறு வீடு பாருங்கள்.