வசனமே இல்லாத புதிர் கேம்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கோத்தகிரியில் மழைக்கால ஞாயிறுகளில் கூடி விளையாடும் எங்கள் குழுவில், மெஷினாரியம், சமோரோஸ்ட் மாதிரியான கிளிக் செய்து விளையாடும் புதிர் கேம்களைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குன்னூர் அக்கா: ஓட்டம் இல்லை, சண்டை இல்லை, பாயின்ட்கூட இல்லை. ஒரு படத்தை வைத்துக்கொண்டு அங்கங்கே தட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?

பார்ப்பதுதான் அக்கா அங்கே விளையாட்டே. மெஷினாரியத்தின் ஆரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பைமேட்டில் வீசப்பட்ட ஒரு குட்டி ரோபோ ஊருக்குள் போக வேண்டும், வாசல் காவலாளி விட மாட்டேன் என்கிறான். அதே வழியாக ஒரு போலீஸ் ரோபோ வருகிறது, அதற்கு மட்டும் பாலம் இறங்குகிறது. அதன் தலையைப் பார்த்தீர்களா? நீலக் கூம்புத் தொப்பி, உச்சியில் ஒரு பல்பு. அப்புறம்தான் பக்கத்தில் கிடக்கும் சாலைக் கூம்பு கண்ணில் படும், நீலச் சாயம் கண்ணில் படும், விளக்கில் இருக்கும் பல்பும் கண்ணில் படும். எல்லாம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தன, நாம்தான் பார்க்கவில்லை! ஒரு வரி விளக்கம் கிடையாது, 'இதை எடு' என்று அம்புக்குறி கிடையாது. அந்தத் தொப்பியைச் செய்து போட்டுக்கொண்டு உள்ளே போகும்போது வரும் சந்தோஷம் முழுக்க நம்முடையது, யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

மஞ்சூர் தம்பி: கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிக்கொண்டே போனால் முடிந்துவிடாதா அண்ணா?

இந்த வகையின் பழைய வியாதி அதுதான் தம்பி. பல கேம்களில் இருட்டு மூலையில் ஒரு சாவியை ஒளித்துவைத்துவிட்டு அதைப் புதிர் என்பார்கள். எனக்கு அதில் துளியும் மரியாதை இல்லை. மெஷினாரியத்தில் அந்த ரோபோவின் கைக்கு எட்டுவதை மட்டும்தான் தொட முடியும். அவன் உடம்பை நீட்டலாம், குறுக்கலாம், ஆனால் நடந்து பக்கத்தில் போக வேண்டும். கண்டபடி தட்டினால் ஒன்றும் நடக்காது, எங்கே நிற்பது என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

கூடலூரிலிருந்து ஒரு அம்மா: என் மகளுக்கு இங்கிலீஷ் இன்னும் வராது. விளையாட முடியுமா?

தாராளமாக. வசனமே கிடையாது, கதையும் யோசனையும் ரோபோவின் தலைக்கு மேல் குமிழில் சின்னச் சித்திரமாக வரும். தமிழ்கூட வாசிக்கத் தெரியாத பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து 'அந்தக் கம்பியை இழுத்துப் பாரு' என்று சொல்லலாம். தமிழில் கேம் வருவதே அபூர்வம் என்கிறபோது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊட்டி அண்ணன்: இதையெல்லாம் யார் ஆரம்பித்தது?

கிளிக் செய்யும் புதிர்கள் ரொம்ப முன்பிருந்தே உண்டு, மிஸ்ட் என்ற கேம் 1993-லேயே வந்துவிட்டது. ஆனால் நான் சொல்லும் இந்த அமைதியான வகைக்கு எனக்குத் தொடக்கம் 2003-இல் வந்த சமோரோஸ்ட். யாக்குப் த்வோர்ஸ்கி என்பவர் பிராகில் கலைக்கல்லூரி மாணவராக இருந்தபோது படிப்பை முடிக்கச் செய்த வேலை அது. அவருடைய அமனிட்டா டிசைன் குழு 2009-இல் மெஷினாரியத்தைக் கொடுத்தது. சமோரோஸ்ட்டில் பாசி படிந்த மரக்கட்டை, வேர் இதையெல்லாம் போட்டோவாக எடுத்துப் பெரிதாக்கி ஒரு கிரகமாகவே ஆக்கியிருக்கிறார்கள். நம்ம கோத்தகிரி லாங்வுட் சோலைக் காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தைக் குனிந்து பார்த்திருப்பவர்களுக்கு அந்த உலகம் உடனே பிடிபடும். இங்கே வளர்ந்தவர்கள் கட்டாயம் விளையாட வேண்டியது அதுதான் என்பேன்.

கட்டபெட்டு தங்கை: மாட்டிக்கொண்டால் யூடியூப் பார்க்கலாமா?

முதலில் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வாம்மா. அதற்கும் நகராவிட்டால் மெஷினாரியத்துக்குள்ளேயே உதவி இருக்கிறது. திரையில் தெரியும் பல்புப் படத்தைத் தட்டினால் சின்னக் குறிப்பு கிடைக்கும். முழு விடை பூட்டிய புத்தகத்துக்குள் இருக்கிறது, அதைத் திறக்க ஒவ்வொரு தடவையும் சலிப்பான ஒரு குட்டி விளையாட்டை ஜெயிக்க வேண்டும். 'இதுக்கு நானே யோசிச்சிடலாம்' என்று நினைக்க வைக்கிறார்கள் பார், எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

அருவங்காடு தம்பி: பிரவுசரில் ஆடிய பழைய கேம்கள் எங்கே போயின?

2020 டிசம்பர் 31-உடன் பிரவுசரில் கேம்களை ஓட வைத்த ஃபிளாஷ் என்ற மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள், பெரும்பாலானவை அதில் செய்தவை. ரஃபிள் என்ற இலவச மென்பொருள் பலவற்றை மறுபடி ஓட வைக்கிறது. முதல் சமோரோஸ்ட்டை 2021-இல் புதுப்பித்து இலவசமாகவே கொடுத்தார்கள், அதிலிருந்து தொடங்கு. போனிலும் ஆடலாம், ஆனால் சின்னச் சின்னப் பொருள்கள் விரலுக்கடியில் மறைந்துவிடும். கம்ப்யூட்டரும் மவுஸும் இருந்தால் அதுவே நல்லது. கூடவே சவுண்டை வைத்துக்கொள், சில புதிர்களுக்கு விடை காதில்தான் விழும்.